பஞ்சு நுழையாத பெட்டி

சென்னிமலை
9 ஜூலை 2025

அண்ணனுக்கு,

"இனிமே எங்கிட்ட வாயத் தொறந்து பேசாத. வேலை விசயம்னா எழுதி அனுப்பு" என்று மே கடைசியில் காங்கேயத்தில் உங்களுக்குப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் சொன்னீர்கள். மறுநாளே போனிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். சரி, எழுதுகிறேன். பேனா பிடித்து ரொம்ப நாளாயிற்று. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பொங்கியண்ணன் பெட்ஷீட் மில்லில் நாம் மாட்டிக் கொடுத்த நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளில் மே மாதம் வந்தவை ஜம்மென்று ஓடுகின்றன. ஜூன் மாதம் பீளமேட்டிலிருந்து வந்த புதுப் பெட்டிகள்தான் சண்டித்தனம் செய்கின்றன. தறிகளின் கம்ப்யூட்டரும் கேமராக்களும் நம் பெட்டி வழியாகத்தான் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். பேசுகின்றன, திடீரென்று ஊமையாகிவிடுகின்றன, மறுபடி பேசுகின்றன. தறி ஓட்டுகிறவர்கள் என்னைப் பார்த்தாலே "உங்க பொட்டி மறுக்கா தூங்கிருச்சுங்க" என்கிறார்கள்.

கேபிளை மாற்றிப் பார்த்தேன், கரண்ட்டைச் சோதித்தேன். எல்லாம் சரி. ஃபைபர் கேபிள் செருகுகிற துளைக்குள்தான் ஏதோ இருக்கிறது. ஒரு பெட்டியைக் கழற்றி, சிங்காநல்லூர் போகிற பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன். நம் பட்டறை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். எனக்கும் ஒரு சின்ன ஸ்கோப் வேண்டும்.

பொங்கியண்ணனின் புது நூல் மில்லுக்கு முழுக்க நம் பெட்டிதான் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியின் விலைப்பட்டியலும் அவர் மேஜைமேல் இருக்கிறது. நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த ஆர்டர் போனால் கொங்கு நாட்டில் வேறு எந்த மில் வாசலையும் நாம் மிதிக்க முடியாது. அதனால் கோபத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒத்தி வையுங்கள்.

லோகப்பிரியா


பீளமேடு
12 ஜூலை 2025

லோகப்பிரியாவுக்கு,

பெட்டி வந்தது. பார்த்தேன். கண்டுபிடித்தும் விட்டேன்.

துளைக்குள் கரும்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக நூல் துணுக்குகள். வெளிச்சம் போகிற வழியில் உட்கார்ந்துகொண்டு மறிக்கின்றன. சென்னிமலையில் சாயம் போட்ட நூல் பறக்காத மூலை ஏது? கேபிளைக் கழற்றி மாட்டும்போது எவனோ துளையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தப்பு அவர்களுடையது. "உங்கள் மில் தூசியால் வந்த கோளாறுக்கு எங்கள் உத்தரவாதம் செல்லாது" என்று பொங்கியண்ணனுக்கு ஒரு கடிதம் தயார் செய்துவிட்டேன். 21-ம் தேதி திங்கட்கிழமை போகும்.

வெளிநாட்டுக்காரனைக் கண்டு நீ ஏன் பயப்படுகிறாய்? அவனுடைய பெட்டிக்குள் விசிறி சுற்றும், பஞ்சை உறிஞ்சி மூன்று மாதத்தில் மூச்சுத் திணறும். நம் பெட்டியில் விசிறியே இல்லை, உடம்பு முழுக்க மூடியது, சூட்டை வெளி ஓடு வழியாகவே விட்டுவிடும். "பஞ்சு நுழையாத பெட்டி" என்று நான் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை மில்லில் மாட்டியிருக்கிறோம். வடிவமைத்தது நீ, மறுக்கவில்லை. விற்றது நான்.

இன்னொன்று. காங்கேயத்தில் நீ செய்த காரியத்தை நான் மறக்கவில்லை. பெண்ணின் மாமா என் நெற்றியில் இருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்து "என்னங்க தம்பி அது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு "எங்கண்ணனுக்கு முன்னாடி முடி கொட்டிருச்சுங்க, ஊசி போட்டுட்டு இருக்கறோம்" என்றாய். நம் பக்கம் பெண் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருக்கிறது. கல்யாணப் பேச்சு அந்த நிமிடமே முடிந்தது. பெண் காப்பியோடு வெளியே வரக்கூட இல்லை.

நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம். இப்போது என் தலை நன்றாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் கல்லூரியில் படித்த சபரீஷ் தெரிகிறான். ஆவணி பிறக்கட்டும், பார்.

ஸ்கோப் அனுப்பியிருக்கிறேன். பத்திரம், விலை அதிகம்.

சபரீஷ்


சென்னிமலை
16 ஜூலை 2025

அண்ணனுக்கு,

அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் ஆள் விட்டாவது திரும்ப வாங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். இந்த மாதம் முழுக்க இங்கே தறியில் ஓடுவது வெள்ளையும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும். ஷெட்டுக்குள் போய்விட்டு வந்தால் என் தலையே ஆரஞ்சாக இருக்கிறது, உங்கள் மாப்பிள்ளை கிண்டல் செய்கிறார். இந்தக் கரும்பழுப்பு நிறம் ஷெட்டில் எங்கேயுமே இல்லை. மே மாதப் பெட்டிகளும் அதே ஷெட்டில், அதே தூசியில்தான் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிப் பார்த்தேன். துளை பளிச்சென்று இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். அங்கே பேக்கிங் முடித்து ஒட்டி வைத்த பெட்டிகளில் ஒன்றை, பிரிக்காமல் அப்படியே அனுப்புங்கள். அதை நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு திறக்கிறேன். அதில் துகள் இல்லையென்றால் உங்கள் கடிதத்தை நானே கொண்டுபோய் பொங்கியண்ணன் கையில் கொடுக்கிறேன்.

உங்கள் தலை பற்றி எனக்குச் சந்தோஷம்தான். வெங்காயச் சாறு தேய்த்து வீட்டையே நாறடித்தீர்கள், கரிசலாங்கண்ணித் தைலத்தில் தலையணை உறை பாழாயிற்று, மருந்துத் தண்ணீரைக் காலையும் மாலையும் தடவி முதலில் இன்னும் கொட்டுகிறது என்று அழாத குறையாக நின்றீர்கள், உங்கள் ரத்தத்தையே எடுத்து உங்கள் தலையிலேயே ஊசி போட்டுக்கொண்டீர்கள். இவ்வளவுக்குப் பிறகு முளைத்திருந்தால் அது நியாயம்தான். எந்த மருந்து என்று மட்டும் சொல்லுங்கள். இங்கே கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

லோகப்பிரியா


பீளமேடு
21 ஜூலை 2025

லோகப்பிரியாவுக்கு,

கடிதத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். உனக்காக இல்லை, ஆடி மாதம் நல்ல காரியத்துக்கே ஆகாது, சண்டைக்கு மட்டும் ஆகுமா என்றுதான்.

நீ கேட்டபடி பிரிக்காத பெட்டி வருகிறது. அதில் ஒன்றும் இருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். ஏன் தெரியுமா? கம்பெனியை விட்டு ஒரு பெட்டியும் என் கண்ணில் படாமல் வெளியே போவதில்லை. கடைசியில் ஒவ்வொரு துளையின் மூடியையும் நானே கழற்றி, குனிந்து, விளக்குப் பிடித்துப் பார்த்து, ஒரு ஊது ஊதி, மூடியை நானே போடுகிறேன். மிஷின் வாங்கிப் போடச் சொல்லி ரவிதேஜா நச்சரிக்கிறான். சோதனை மேஜையில் இருக்கிற பையனுக்கு மிஷின் மேல்தான் நம்பிக்கை. முதலாளியின் கண்ணை விடவா மிஷின்? முதல் பெட்டி விற்ற நாளிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். அதுதான் நம் கம்பெனி.

இருந்தாலும் நீ கிளப்பிவிட்ட சந்தேகத்தில் பட்டறையிலும் விசாரித்தேன். அந்தத் துணுக்கு முடி மாதிரி இருக்கிறது. துளைப் பகுதியைப் பூட்டுவது மாசாணியம்மாள்தான். தொப்பியே புடைத்து நிற்கிற அளவுக்குக் கொண்டை உள்ள பொம்பளை. தொப்பி போடுகிறேன் என்று சாதிக்கிறார், ஏதோ சொல்ல வந்தார், நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறேன். நான் மட்டும் போடுவதில்லை. முடிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பொங்கியண்ணன் ஆகஸ்ட் கடைசிக்குள் முடிவெடுக்கிறார். அதற்கு முன் சிங்காநல்லூரில் அவருடைய ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கோளாறுக்கு என்ன காரணம் என்று எழுத்தில் வேண்டுமாம். காரணம் என் பையில் தயாராக இருக்கும், அந்தம்மாவின் முடி.

மருந்தின் பெயர் கேட்டாய். அது தொழில் ரகசியம்.

சபரீஷ்


சென்னிமலை
26 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். உங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

சாத்திவிட்டீர்களா?

பிரிக்காத பெட்டியைத் திறந்தேன். அதே துகள் இருக்கிறது. ஆகவே மில்லில் வந்தது இல்லை, நம் பட்டறையில் வந்தது. ஸ்கோப்பில் வைத்து வெகு நேரம் பார்த்தேன். அது முடி இல்லை அண்ணா. முடி என்றால் நீளம் இருக்கும். இது எல்லாம் பொடியாக நறுக்கியது, ஒன்று மாதிரியே இன்னொன்று. பிளாஸ்டிக் மூடியைத் துணியில் தேய்த்து அருகே கொண்டுபோனால் துள்ளி வந்து ஒட்டிக்கொள்கிறது.

பிறகு ரவிதேஜாவைப் போனில் கூப்பிட்டேன். அவனைத் திட்டாதீர்கள், நான்தான் கேட்டேன். நீங்கள் ஓசூர் கண்காட்சிக்குப் போயிருந்தபோது கடைசிச் சோதனையை அவன் செய்திருக்கிறான். அந்தப் பெட்டிகளும் இங்கே வந்திருக்கின்றன. ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை. அப்போதும் துளையைப் பூட்டியது மாசாணியம்மாள்தான்.

நீங்கள் ஓசூரில் எடுத்த போட்டோவையும் அவன்தான் அனுப்பினான். தலை நிறைய முடி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. எந்த மருந்தும் ஒன்றரை மாதத்தில் அப்படி முளைக்க வைக்காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஈரோட்டுக்குப் போய் அலங்காரச் சாமான் கடையில் ஒரு டப்பா வாங்கினேன். தலையில் தூவினால் சொட்டை மறைகிற அந்தப் பொடிதான். மின்சாரம் ஏறிய மாதிரி முடியில் ஒட்டிக்கொள்ளும் என்று டப்பாவிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறான். கரும்பழுப்பு நிறம். ஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஜாதி.

நீங்கள் குனிகிறீர்கள், ஊதுகிறீர்கள், மூடுகிறீர்கள். பொடி கலைந்துவிடும் என்று தொப்பி போடுவதில்லை. பஞ்சு நுழையாத பெட்டிக்குள் நீங்களே உங்கள் கையால் அதைப் போட்டு மூடி அனுப்பியிருக்கிறீர்கள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் மாப்பிள்ளையிடம்கூட. சொல்லவும் மாட்டேன். ஆனால் மாசாணியம்மாளை நாளைக்கே கூப்பிடுங்கள். உங்கள் தலைக்காக அவருடைய பிழைப்பில் மண் விழக்கூடாது.

காங்கேயத்தில் நான் பேசியது தப்புதான். அந்த மாமா உங்கள் நெற்றியைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. வேறு ஏதோ வியாதி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் தலையைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும், நான் இல்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. நீங்கள் அதற்குப் பிறகுதான் இந்தப் பொடிக்குப் போனீர்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லோகு


பீளமேடு
29 ஜூலை 2025

லோகப்பிரியாவுக்கு,

கம்பெனியில் கோளாறு என்றால் உனக்கு என் தலைதான் கிடைத்ததா? போன தடவை கல்யாணத்தைக் கெடுத்தாய், இந்தத் தடவை கம்பெனியை எடுத்துக்கொண்டாய். ஈரோடு வரைக்கும் போய் டப்பா வாங்கி, ஸ்கோப்பில் வைத்து, அண்ணனின் சொட்டைக்கு ஆராய்ச்சி! நான் அனுப்பிய ஸ்கோப்பை இதற்கா வைத்துக்கொண்டாய்?

நான் தூவுவது துளிதான். அதுவும் காலையில் வீட்டில். பட்டறைக்கு வருவதற்குள் படிந்துவிடும்.

உன் கடிதத்துக்கு இதற்குமேல் பதில் கிடையாது.

சபரீஷ்


சென்னிமலை
2 ஆகஸ்ட் 2025

அண்ணாவுக்கு,

கோபத்தில்கூட "நான் தூவுவது" என்று எழுதிவிட்டீர்கள். பொய் சொல்ல வராத ஆள் நீங்கள். அதனால்தான் உங்களை நம்பி மில்காரர்கள் பெட்டி வாங்குகிறார்கள்.

நான் வாதாடப் போவதில்லை. ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் விரியுங்கள். எப்போதும் போலக் குனிந்து, ஒரு மூடியைக் கழற்றி, ஊதி, மூடுங்கள். பிறகு தாளைப் பாருங்கள். அவ்வளவுதான்.

பொங்கியண்ணனிடம் என்ன காரணம் எழுதிக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். அவர்களுடைய எஞ்சினியர் வரதராஜுலு என்னைக் கேட்டால், "எங்க அண்ணன் வந்து சொல்லுவாருங்க" என்று மட்டும் சொல்வேன். பொய்யும் சொல்ல மாட்டேன், உங்களைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன்.

எனக்கு முடி உள்ள அண்ணனும் வேண்டாம், இல்லாத அண்ணனும் வேண்டாம். ச-வுக்கு சபரீஷ், லோ-வுக்கு லோகப்பிரியா என்று பலகை எழுதி "சலோநெட்" என்று மாட்டிவிட்டு, ஏணியிலிருந்து இறங்காமலேயே முதல் ஆளுக்குப் பெட்டி விற்றாரே, அந்த அண்ணன்தான் வேண்டும். அன்றைக்கே உங்களுக்கு முன்னால் கொஞ்சம் கொட்டித்தான் இருந்தது. வாங்க வந்தவர் பெட்டியைத்தான் பார்த்தார்.

லோகு


பீளமேடு
19 ஆகஸ்ட் 2025

லோகு கண்ணு,

வெள்ளைத் தாளை விரித்துப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன், வந்தால் நீயே பார்த்துக்கொள்.

முதலில் மாசாணியம்மாள் வீட்டுக்குப் போனேன். சிங்காநல்லூர் குளத்துக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்தவரை எனக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. தலை முழுக்க நரை கண்ணு, பஞ்சு மாதிரி வெள்ளை. "அன்னைக்கே சொல்ல வந்தனுங்க. எம்பட முடி வெளுத்துப்போயி எத்தன வருசமாச்சு, பொட்டில இருக்கறது கருப்பால்ல இருக்குது! நீங்கதான் காதுலயே வாங்கலீங்க" என்றார். நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். "சரி உடுங்க, நாளைக்கு வாரனுங்க" என்று காப்பி கொடுத்தார். வராத நாட்களுக்கும் சம்பளம் போட்டாயிற்று.

நேற்று பொங்கியண்ணன் ஆபீஸுக்குப் போனேன். பட்டறையின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். கீழே வாட்ச்மேன் என்னை ஏசி ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்துப் பின்வழியாகப் போகச் சொன்னார். மேலே பொங்கியண்ணனும் வரதராஜுலுவும் இருந்தார்கள். வெளிநாட்டுக்காரனின் விலைப்பட்டியல் வழவழவென்று மேஜைமேல் கிடந்தது. நான் எழுதிக் கொண்டுபோன காரணம் ஒரே வரிதான்: "சோதனையின்போது எங்கள் பட்டறையில் துளைக்குள் விழுந்த வெளித்துகள்."

வரதராஜுலு விடுகிற ஆளா? "வெளித்துகள்னா என்ன துகளுங்க?" என்றார்.

சாலிடர் தூசி என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் பையிலிருந்து டப்பாவை எடுத்து விலைப்பட்டியல் மேலேயே வைத்தேன். "இதுங்க" என்றேன்.

"இது என்னதுங்க?"

"தலைல தூவறதுங்க. முடி இருக்கற மாதிரி காட்டும்" என்று தொப்பியைக் கழற்றினேன். நேற்று நான் பொடி போடவில்லை. ஃபேன் காற்று நேராக உச்சந்தலையில் பட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் என் தலையைப் பார்த்தார்கள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கியண்ணன் டப்பாவை உருட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, நான் பெட்டிக்கு ஊதுகிற மாதிரியே ஒரு ஊது ஊதினார். அவ்வளவும் போய் வரதராஜுலுவின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. தட்டத் தட்ட ஈஷிக்கொண்டே போகிறது. "ஏனுங்க, இது நம்ம பஞ்சுக்கு அண்ணனா இருக்குமாட்ட இருக்குதே!" என்று பொங்கியண்ணன் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மிசினு நின்னு போச்சுன்னா வர்றவன் அத்தன பேரும் எங்க பஞ்சு மேலதாங்க பழிய போடுவான். நீங்களும் அந்தக் காகிதத்தத்தான் நீட்டுவீங்கன்னு இருந்தேன். நீட்டியிருந்தா இந்த வெளிநாட்டுக்காரனுக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

கேட்டாயா? நான் திங்கட்கிழமை அனுப்ப வைத்திருந்த அந்தக் கடிதம்தான். நீ தடுத்திராவிட்டால் நாம் இன்றைக்குத் தெருவில்.

ஆர்டர் நமக்குத்தான். பழைய ஷெட்டுகள், புது நூல் மில் இரண்டுக்கும். ஜூன் பெட்டிகள் எல்லாவற்றையும் நம் செலவில் துடைத்துக் கொடுக்க வேண்டும், அது நியாயம். வரதராஜுலு சட்டையைத் தட்டிக்கொண்டே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: "கடைசிச் சோதனையில் முதலாளி உட்பட எல்லோரும் தொப்பி அணிய வேண்டும்." கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரவிதேஜா கேட்ட மிஷினுக்கும் சொல்லியாயிற்று. ஆனாலும் கடைசியில் நான் ஒரு தடவை பார்ப்பேன், தொப்பியோடு. ஊத மாட்டேன்.

பொடியைக் குப்பையில் போட்டுவிட்டேன். டாக்டர் கொடுத்த மருந்துத் தண்ணீரை மட்டும் விடவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் எண்ணெய்ச் செலவு மிச்சம்.

உன் நம்பரை விடுவித்து மூன்று நாளாகிறது. இருந்தும் இதை எழுதியே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்குக் காரில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது கண்ணு. நீ இல்லாத பட்டறையில் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

ஆவணி பிறந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோபியில் பெண் பார்க்கப் போகிறோம். நீயும் மாப்பிள்ளையும் அவசியம் வர வேண்டும். அங்கே உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். எல்லோரும் உட்கார்ந்ததும், காப்பித் தட்டு வெளியே வருவதற்கு முன்னாலேயே, உள்ளே இருக்கிற பெண்ணுக்கும் கேட்கிற மாதிரி, காங்கேயத்தில் சொன்னதை அப்படியே சொல்லிவிடு: "எங்கண்ணனுக்கு முன்னாடி முடி கொட்டிருச்சுங்க."

ஊசிக் கதையெல்லாம் வேண்டாம். மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
சபரீஷ்